முகத்தில் வைக்கும் மாஸ்க்: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் வந்த பதற்றம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் பாம்பன் பகுதியைச் சேர்ந்த 44 வயது மீன்பிடித் தொழிலாளி. அவரும் அவருடைய மனைவியும் ஒப்புதல் தந்த பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான் இராமநாதபுரத்தில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். இந்தக் கடற்கரையிலிருந்து எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மதுரைக்குப் போகிறார்கள். அறுவை சிகிச்சை அங்கே ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வாரங்களை அவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் ஊரின் பேச்சுக்கு நடுவில் கழிக்கிறார்கள். அந்த வாரங்களைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

பின்னணி

அவருக்கு உயரம் 168 சென்டிமீட்டர், எடை 138 கிலோ. உடல் நிறை குறியீடு 49-ஐ ஒட்டி இருந்தது. குறியீடு 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஆசிய மக்களுக்கு அந்த வரம்பு இன்னும் கீழே, 27.5-இலேயே தொடங்குகிறது. இவருக்கு எடையோடு சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4 சதவீதம். மதுரையில் எடுத்த தூக்கப் பரிசோதனையில், தூங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு 52 முறை அவருக்கு மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30-க்கு மேல் போனாலே கடுமையான நிலை என்பார்கள்.

முன்பு அவர் நாட்டுப்படகில் வடகடலுக்குப் போனவர். இப்போது ஒரு விசைப்படகில் பங்கு வைத்துக்கொண்டு டீசல், ஐஸ், ஏலம், கூலி என்று கரை வேலைகளைப் பார்க்கிறார். படகு கரை சேரும் நேரத்தில்தான் அவருக்கு வேலை என்பதால், நள்ளிரவில் புரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு விடியற்காலை ஏலத்துக்குப் போவது பழக்கமாகியிருந்தது. மனைவி கருவாட்டு வியாபாரம் செய்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவருடைய அம்மாவும் அதே வீட்டில் இருக்கிறார்.

இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி மீதியைக் குழாய் போல ஆக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே செய்வார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அறியாமையால் வந்த பயம் இது இல்லை என்பதை முதலிலேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

மதுரையில் அந்த இரவு

ஜனவரி மாதத்தில் நாள் குறித்தார்கள். முந்தைய நாள் பிற்பகல் மருத்துவமனையில் சேர்ந்தார். மாலையில் மயக்க மருந்து மருத்துவர் வந்து, "முகத்தில் ஒரு மாஸ்க் வைப்போம், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு எட்டு மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பத்து மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, நாடித்துடிப்பு 120, இரத்த அழுத்தம் 170-க்கு 100. பணியில் இருந்த செவிலியர் தைரியம் சொன்னார். மனைவியும் "ஒன்றும் ஆகாது மச்சான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, இராமேசுவரம் பஸ் ஏறிவிட்டார். பின்னாலேயே ஓடி வந்த மனைவி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

ஊரில் இது பெரிய பேச்சாகிவிட்டது. பயந்து ஓடி வந்தவர் என்ற பெயர் ஏலக்கூடம் வரை போய்விட்டதாக அவரே பின்னர் சொன்னார். கடலோடிக்கு அதைவிடக் கடினமான சொல் கிடையாது. அவருக்குச் சர்க்கரை பார்க்கும் உள்ளூர் மருத்துவர், திட்டாமலும் கேலி செய்யாமலும், என்னிடம் அனுப்பிவைத்தார். அந்த ஒரு செயலுக்காக அந்த மருத்துவரை இங்கே நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் அவர் வர மறுத்தார். "நான் ஏர்வாடிக்குப் போகவேண்டிய ஆள் இல்லை" என்றாராம். எங்கள் மாவட்டத்தில் மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏர்வாடிதான் பலர் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அந்த நினைவு இந்தக் கரையில் இன்னும் ஆறவில்லை. என் அறைக்கு வருவதை அவர் ஒரு தண்டனையாகவே எண்ணியிருக்கிறார். அதனால் முதல் சந்திப்பை அவருடைய சர்க்கரை மருத்துவரின் அறையிலேயே, சர்க்கரை பார்க்க வந்த நாளில் வைத்துக்கொண்டோம்.

முதல் சந்திப்புகளில் தெரிந்தவை

ஏழு கேள்விகள் கொண்ட பதற்ற அளவுகோலில் 21-க்கு 16 வந்தது. 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பதற்றம். எண்ணை எழுதிக்கொண்டேன். ஆனால் அந்த எண் எதனால் வந்தது என்பதை அளவுகோல் சொல்லாது. அவரிடம் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அந்த இரவில் உடம்பில் முதலில் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். மணி வாரியாகக் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார். கடல் பயணத்தை நேரம் வாரியாகச் சொல்லிப் பழகியவர். அப்படிச் சொல்லச் சொல்ல, ஒரே பயம் என்று நாங்கள் எண்ணியிருந்தது வெவ்வேறு இழைகளாகப் பிரியத் தொடங்கியது.

முதல் இழை குடி. மதுரையில் கேட்டபோது "எப்போதாவது" என்று சொல்லியிருக்கிறார். உண்மையில் தினமும் ஒரு குவார்ட்டர், நல்ல ஏலம் நடந்த நாளில் இரண்டு. சொன்னால் அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். பல ஆண்டுகளில் அவர் குடிக்காமல் இருந்த முதல் இரவு, மதுரை மருத்துவமனையில் இருந்த அந்த இரவுதான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவற்றில் ஒரு பங்கு குடியை நிறுத்தியதால் உடல் காட்டிய எதிர்வினை. அன்று அவர் எழுந்து வராமல் இருந்திருந்தால், அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்போ குழப்பநிலையோ வந்திருக்கக்கூடும். அவர் ஓடி வந்ததை ஊர் கோழைத்தனம் என்றது. மருத்துவமாகப் பார்த்தால் அது பெரிய ஆபத்து ஒன்றைத் தவிர்த்துக் கொடுத்தது.

இரண்டாம் இழை தூக்கம். நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார். தண்ணீருக்குள் இருப்பதாகக் கனவு வரும். கனவு வந்ததால் மூச்சு முட்டுகிறது என்று அவர் நம்பினார். மூச்சு தடைபடுவதால் அந்தக் கனவு வருவதற்கும் வாய்ப்பு உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இரவில் மூச்சுக்குழாய் திறந்திருக்க உதவும் சிபாப் கருவியைக் கொடுத்திருந்தார்கள். அது பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. தூக்கப் பரிசோதனையின்போதே அதன் மாஸ்க்கை இரண்டு முறை பிடுங்கி எறிந்தாராம்.

மூன்றாம் இழை தெரிந்தது அந்த மாஸ்க்கால்தான். மனைவியிடம் சொல்லி அதைக் கொண்டுவரச் செய்து, மேசைமேல் வைத்து, கையில் எடுத்துப் பாருங்கள் என்றேன். எடுத்தார். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "வாயில் உப்புக் கரிக்கிறது, தங்கச்சி" என்றார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம், வாடைக் காற்றில் அவருடைய வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில், வலை காலைச் சுற்றிக்கொள்ள, முகம் பலகையில் அழுந்திய நிலையில் அவர் சிக்கியிருக்கிறார். அவர் மீண்டார். உடன் சென்ற மைத்துனர் முறை உறவினர் மீளவில்லை. அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. வள்ளத்தை விற்றுவிட்டுக் கரை வேலைக்கு வந்தார். அப்போது அவருடைய எடை 84 கிலோ. விபத்தால்தான் உடல் பெருத்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இந்தக் கரையில் கடலை விட்டுக் கரை வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு எடை கூடியிருக்கிறது. ஆனால் முகத்தை எதுவும் மூடக் கூடாது என்று அவருடைய உடம்பு அன்றே முடிவு செய்துவிட்டது என்பது உறுதி. மதுரையில் மருத்துவர் சாதாரணமாகச் சொன்ன 'மாஸ்க்' என்ற சொல் போய்த் தொட்டது அந்த இடத்தைத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவருடைய சர்க்கரை மருத்துவர், இராமநாதபுரத்தில் உள்ள மனநல மருத்துவர், மதுரை அறுவை மருத்துவர், நான் ஆகியோர் தொலைபேசியில் கலந்து பேசினோம். தூக்க மாத்திரையும் பதற்ற மாத்திரையும் கொடுத்து அடுத்த வாரமே அழைத்துச் செல்லலாம் என்று குடும்பத்தில் ஒரு கருத்து இருந்தது. அதை ஏற்கவில்லை. சிகிச்சை பெறாத கடுமையான மூச்சுத்தடை உள்ளவருக்கு, அதுவும் குடிப் பழக்கம் உள்ளவருக்கு, அப்படிப்பட்ட மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும். மேலும், பயத்தை ஒரு நாளைக்கு மூடிவைத்தால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரவில் அது திரும்ப வரும். அந்த இரவில் வயிற்றில் தையலோடு எழுந்து ஓட முடியாது.

தேதியை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் செய்தால் அவருக்குத் தொழில் இழப்பு இல்லை, பளு தூக்கக் கூடாத வாரங்களும் அதற்குள் கழிந்துவிடும். இந்த யோசனை அவருடையதுதான். தேதியை அவரே தேர்ந்தெடுத்ததும் அவருடைய பேச்சிலேயே மாற்றம் தெரிந்தது. அதுவரை "கொண்டுபோவார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "போகிறேன்" என்று சொல்லத் தொடங்கினார்.

குடியை வீட்டில் திடீரென நிறுத்தச் சொல்லவில்லை. சில நாள் உள்நோயாளியாக வைத்து, கண்காணிப்போடு மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து நிறுத்தினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறும், சிலருக்குக் குடி புதிதாகவோ மீண்டுமோ பற்றிக்கொள்ளும் என்பதை மறைக்காமல் சொன்னோம். மது தொடாமல் மூன்று மாதம் இருந்தால் மட்டுமே தேதி உறுதி என்று அறுவை மருத்துவர் கூறினார். மனநல மருத்துவர் பதற்றத்துக்கான செர்ட்ரலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். விபத்தை முழுதாகத் தோண்டிப் பேசும் சிகிச்சையை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தோம். மூன்று மாதத்தில் அதைத் திறந்துவிட்டு மூட முடியாமல் போகக் கூடாது என்பதுதான் காரணம். இப்போதைக்கு மாஸ்க் மட்டும்.

'ஒன்றும் ஆகாது' என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை என்று ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டோம். அதைக் கேட்கும்போதெல்லாம், தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மாஸ்க்கோடு பழகியது

பதற்றத்துக்கு முதலில் கற்றுக்கொடுப்பது மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. பலருக்கு இது நன்றாக உதவுகிறது. இவருக்கு எதிராக வேலை செய்தது. மூச்சைக் கவனித்ததும் அது நின்றுவிடுமோ என்ற எண்ணமும் உடன் வந்தது. அதை உடனே விட்டுவிட்டு, கைக்கு வேலை கொடுத்தோம். வலை ஊசியும் நைலான் நூலும் எடுத்து, கிழிந்த வலைத் துண்டு ஒன்றைக் கட்டச் சொன்னோம். விரல்கள் அறிந்த வேலை அது. கண்ணி கண்ணியாக முடிச்சுப் போடும்போது மூச்சு தானாகவே சீராவதை அவரே உணர்ந்தார்.

பிறகு படிப்படியாகச் சென்றோம். முழு முகத்தை மூடும் மாஸ்க்குக்குப் பதிலாக மூக்கை மட்டும் மூடுவதை வாங்கினோம். வீட்டு வாசலில், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் முதலில் அதைக் கையில் வைத்துக்கொள்வது. அடுத்து, பட்டை போடாமல் மூக்கின்மேல் தானே பிடித்துக்கொள்வது. பிறகு பட்டையோடு, கருவி இல்லாமல். பிறகு கருவியைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடவிட்டு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு. பிறகு படுத்துக்கொண்டு. கடைசியில் இரவில். ஒவ்வொரு முறையும் பயம் பத்துக்கு எத்தனை என்று மகள் நோட்டில் குறித்தாள். இரண்டு விதிகள் இருந்தன. எப்போது வேண்டுமானாலும் தன் கையால் கழற்றலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பயம் உச்சத்தில் இருக்கும்போது கழற்றாமல், அது பாதியாகக் குறையும் வரை இருந்து பார்க்க முயல வேண்டும். உச்சத்தில் கழற்றினால், கழற்றியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு பின்னடைவு. இரவில் மூன்று மணி நேரம் வரை பழகியிருந்தார். ஒருநாள் மின்சாரம் போய், கருவி நின்றுவிட்டது. காற்று நின்றதும் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெருவுக்கு ஓடி வந்து நின்றார். நோட்டில் அன்று பத்துக்குப் பத்து. மாஸ்க்கை மறுபடி தொட மாட்டேன் என்றார். அவரை வற்புறுத்தவில்லை. கருவி விற்பனையாளரின் தொழில்நுட்பப் பணியாளரை வரவழைத்து, மாஸ்க்கில் காற்று வெளியேறும் சிறு துளைகளைக் காட்டச் சொன்னோம். கருவி நின்றாலும் வாயைத் திறந்து மூச்சுவிடலாம் என்பதை அவருடைய மனைவி முதலில் போட்டுப் பார்த்துச் சொன்னார். பிறகு நாங்கள் வேண்டுமென்றே சுவிட்சை அணைத்துப் பழகினோம். முதலில் அவர் சொல்லும்போது மகள் அணைத்தாள். பிறகு சொல்லாமல் அணைத்தாள். மின்வெட்டு எங்கள் திட்டத்தில் இல்லாத ஒரு படி. ஆனால் இந்தத் தீவில் கட்டாயம் வரக்கூடிய படி அதுதான்.

மார்ச் கடைசியில் இரவு ஐந்து மணி நேரம் கருவியோடு தூங்கினார். நீருக்குள் இருக்கும் கனவு குறைந்தது. பகல் தூக்கம் போனது. காலையில் தலைவலி இல்லை. கருவி தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அவர் உணர்ந்த பிறகு, நான் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

செய்தியும் ஆபத்தும்

மனைவியை நான் தனியாகச் சந்தித்தது மார்ச் மாதத்தில்தான். தன் கைப்பேசியைத் திறந்து காட்டினார். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது ஓர் இளைஞர் இறந்தார். அது பற்றி வந்த செய்திகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். கணவரிடம் காட்டவில்லை. ஆனால் அவருக்கும் அந்தச் செய்தி தெரியும். அவரும் மனைவியிடம் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டு, மற்றவர் முகத்தைப் பார்த்தே இருவரும் பயந்துகொண்டிருந்தார்கள். "இவர் போய்விட்டால் படகுக் கடனை யார் கட்டுவது என்று நினைக்கிறேன். இப்படி நினைக்கிறேனே என்று அழுகிறேன்" என்றார் அந்த அம்மா. அவருடைய மௌனத்தைக் கணவர் விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இருவரையும் வைத்துக்கொண்டு மதுரை அறுவை மருத்துவரிடம் காணொளியில் பேசினோம். செய்தியைப் பற்றி நேரடியாகவே கேட்கச் சொன்னேன். மருத்துவர் மழுப்பவில்லை. அனுபவமுள்ள மையங்களின் பெரிய பதிவேடுகளில், முதல் மாதத்தில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில் இருக்கிறது. இவ்வளவு எடையும் மூச்சுத்தடையும் உள்ள ஆண்களுக்கு அது அதைவிடக் கூடும். தையல் கசிவு ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வரலாம். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதும் கவனிக்க வேண்டிய ஆபத்து. அதனால்தான் அன்றே எழுந்து நடக்கச் சொல்வதும், உறைவைத் தடுக்கும் ஊசி போடுவதும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எத்தனையாம் நம்பர் கூண்டு டாக்டர், அதைச் சொல்லுங்கள்" என்றார். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் கேட்டார். மருத்துவர் மதுரைக்காரர். சற்று யோசித்துவிட்டு, "ஜனவரியில் நீங்கள் வந்தபோது இருந்த கூண்டு வேறு, இப்போது இருக்கிற கூண்டு வேறு" என்றார். குடி நின்றிருக்கிறது, சர்க்கரை 7.6-க்கு வந்திருக்கிறது, மூச்சுக் கருவி ஓடுகிறது, எடையில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆபத்தில் ஒரு பங்கை இறக்குகிறது என்று எண்ணிக் காட்டினார். தன்னால் இறக்க முடிந்த கூண்டு என்று தெரிந்தபின் அவர் மேலும் கேள்வி கேட்கவில்லை. பயிற்சிகளை ஒருநாளும் விடவில்லை.

மயக்க மருந்து மருத்துவரோடும் தனியாகப் பேசச் செய்தோம். மாஸ்க் எதற்கு என்பதை அவர் விளக்கினார். தூங்கவைப்பது கையின் இரத்தக்குழாயில் போடும் மருந்து. மாஸ்க் அதற்கு முன் சில நிமிடம் தூய ஆக்சிஜனை நுரையீரலில் நிரப்பத்தான். எடை கூடியவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் விரைவாகக் குறையும் என்பதால் அது கட்டாயம். குழாய் செருகும்போது எதுவும் தெரியாது. எழும்போது அதை எடுத்துவிடுவார்கள். "அந்தச் சில நிமிடம் மாஸ்க்கை என் கையாலேயே பிடித்துக்கொள்ளலாமா?" என்று இவர் கேட்டார். தாராளமாக, என்றார் மருத்துவர். தலைப்பக்கம் உயர்த்தியே படுக்கவைப்போம், மல்லாக்கத் தட்டையாக இருக்காது என்பதையும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இவருக்குப் பாதி நிம்மதி. பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்த நினைவு இருக்கிறதே.

அம்மாவுக்கு அவருடைய வழி இருந்தது. ஓரியூருக்குப் போய் அருளானந்தர் கோயில் செம்மண் எடுத்துவர வேண்டும் என்றார். முழுக் குடும்பமும் போய் வந்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. மருந்து நிறுத்தாமல், பயிற்சி விடாமல் நடக்கும்வரை, வழிபாடு ஒரு மனிதருக்குத் தரும் பலத்தை நான் குறைத்துப் பார்ப்பதில்லை.

கடைசி இரண்டு வாரங்களும் அறுவை சிகிச்சையும்

கல்லீரலைச் சுருக்குவதற்காக, குறைந்த மாவுச்சத்துள்ள நீர்ம உணவு இரண்டு வாரம். மூன்றாம் நாள் எரிச்சல், தலைவலி, யாரிடமும் பேசாமை. இது பசி, பதற்றம் இல்லை என்று அவரே பிரித்துச் சொன்னார். சர்க்கரை மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைத்தார். பசியோடு பழைய அளவில் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி, அந்தப் படபடப்பும் பயம் போலவே இருக்கும்.

ஏப்ரல் நான்காம் வாரம் மதுரைக்குப் போனார்கள். கூடவே சிபாப் கருவி, வலை ஊசி, ஒரு முழம் வலை. இரவு ஒன்பது மணிக்குப் பயம் பத்துக்கு ஆறு. வலையை எடுத்து உட்கார்ந்தார். கருவி போட்டு நான்கு மணி நேரம் தூங்கினார். காலையில் அவரையே முதல் நோயாளியாக எடுத்துக்கொள்ளும்படி முன்பே கேட்டிருந்தோம். காத்திருக்கும் நேரம்தான் பலரை உடைக்கிறது. அறுவை அரங்கில் மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டார். கை தளர்ந்ததும் மருத்துவர் வாங்கிக்கொண்டார். அன்று அவருடைய எடை 131 கிலோ.

மாலையில் நடந்தார். மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

பின்னர் நடந்தவை

பயம் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்றாம் வாரத்தில் மனம் தாழ்ந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் எல்லோரும் பந்தியில் உட்கார, இவர் அரைக் கிண்ணம் கூழோடு வெளியே நின்றார். "எதற்கு இதைச் செய்துகொண்டேன்" என்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டார். இது பலருக்கும் வருவது என்பதை முன்பே சொல்லியிருந்தோம். இருந்தும் வலி வலிதான். இரண்டாம் மாதத்தில் குடிக்க வேண்டும் என்ற எண்ணம் மிகக் கடுமையாக வந்தது. தடைக்காலம் முடிந்து முதல் ஏலம் நடந்த நாள் அது. மனைவியை அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் நேரே போனார். அன்று குடிக்கவில்லை. அதன்பின் ஒருமுறை குடித்தார், மறுநாள் தானாகவே வந்து சொன்னார்.

ஆறாம் மாதத்தில் எடை 104 கிலோ. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. பதற்ற அளவு 5. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுக்கத் தேவை என்பதை மகள் நோட்டில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். சிபாப் கருவி இன்னும் ஓடுகிறது. மறுபரிசோதனை செய்யாமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். விபத்தைப் பற்றிப் பேசும் சிகிச்சை ஆகஸ்டில் தொடங்கியது. கனவு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் வருகிறது. கடலுக்குப் போவதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு, எங்கள் பகுதியிலிருந்து எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகும் எல்லோருக்கும் தேதி குறிப்பதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்கிறோம். குடியைப் பற்றி நாங்கள் கேட்பது "குடிப்பீர்களா?" என்று இல்லை. "கடைசியாகக் குடிக்காமல் இருந்த இரவு எப்போது?" என்று கேட்கிறோம். சொன்னால் சிகிச்சை மறுக்கப்படாது, தள்ளிவைக்கப்படலாம் என்பதையும் கேள்வியோடு சேர்த்தே சொல்கிறோம். மூச்சுமுட்டல், நீரில் மூழ்கியது, படகு கவிழ்ந்தது, யாராவது முகத்தை மூடியது போன்ற அனுபவம் உண்டா என்று கேட்கிறோம். கடற்கரையில் இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். மாஸ்க்கைக் கையில் கொடுத்துப் பார்ப்பதும் முதல் சந்திப்பிலேயே நடக்கிறது.

மனைவியையோ கணவரையோ மார்ச் வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே தனியாகச் சந்திக்கிறோம். சிபாப் கருவி வாங்குபவர்களிடம், மின்வெட்டின்போது என்ன ஆகும் என்பதைக் கருவியை அணைத்துக் காட்டியே வீட்டுக்கு அனுப்பும்படி விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவர் ஒத்துக்கொண்டார். மற்றவர்களிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. மதுரைக்கும் தீவுக்கும் இடையே 160 கிலோமீட்டர் தொலைவு. மயக்க மருந்து மருத்துவரை முன்கூட்டியே சந்திக்க ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் ஆகின்றன. காணொளியில் பேச இவருக்கு ஒரு மருத்துவர் நேரம் ஒதுக்கினார். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. சேர்க்கைக்கு முந்தைய வாரத்தில் அந்த ஒரு உரையாடலை வழக்கமாக்க வேண்டும் என்று அந்த மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை, ஒவ்வொரு நோயாளிக்காகவும் நாங்களே தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்கிறோம்.